கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு மஞ்சள் சேலை

ஆவணப்படம் எடுக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதிலும் ஒரு பத்தி என் மனைவியின் சாதனை. சரி, தவறுகளை எழுதுவோம் என்று தாளைத் திருப்பினேன். அங்கே சரக்குக்குப் பஞ்சமே இல்லை. அதில் ஒன்றை மட்டும் உங்களுக்குத் தருகிறேன். எனக்கு மிக அதிகம் நல்லது செய்த தவறு அதுதான்.

நாற்பது வருடங்களுக்கும் முன்னால் ஒரு கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம் வந்தது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அம்மாவிடம் "கண்மாய்க்குள்ள ஒரு பேய் நடந்து போகுமே" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் வாசல் கதவைப் பார்ப்பார், பிறகுதான் உங்களைப் பார்ப்பார். அந்தப் படம் உருவான கதையை ஓர் ஆவணப்படமாக எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முன் எடுத்த கடைசிப் படம்.

அந்தப் புகழ்பெற்ற காட்சி இதுதான். திருச்சுழிப் பக்கம் வற்றிக் கிடக்கும் ஒரு கண்மாய். கருக்கல் நேரம். தூரத்தில் சீமைக்கருவேலங் காட்டின் ஓரமாக, வெள்ளைச் சேலை கட்டிய ஓர் உருவம் கையில் சிறு மூட்டையோடு நடந்து போகிறது. கரையிலிருந்து கதாநாயகன் "நில்லு! நில்லு!" என்று கத்துகிறான். அது நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. வேறொன்றும் நடக்காது. ஆனால் அன்று தியேட்டரில் ஆண்பிள்ளைகள்கூடக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள்.

இதில் விசேஷம் என்னவென்றால், அந்த உருவம் யாரென்று படம் எடுத்தவர்களுக்கே தெரியாது. அன்று உதவி இயக்குநராக இருந்தவரைத் தேடிப் பிடித்தேன்.

"நாங்க ஏற்பாடு பண்ணவே இல்ல சார்," என்றார் அவர். "எங்க பேய்க்கு அன்னிக்குக் காய்ச்சல். சும்மா வெளிச்சம் பாக்கக் கேமராவ ஓட்டுனோம். அது பாட்டுக்கு வந்துச்சு. நான்தான் தொப்பியக் கழட்டி ஆட்டி, நில்லு நில்லுன்னு கத்துனேன். நிக்கல. டைரக்டரு வந்து என் வாயப் பொத்திட்டாரு."

இதைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். படத்தில் நடித்த பேய் நிஜப் பேயாக இருக்கலாம் என்றால் எந்தச் சேனல்காரர் வேண்டாமென்பார்? கண்மாய்க் கரை ஊரில் ஒரு வாரம் முகாமிட்டு, கண்டவர்களையெல்லாம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். நடுவில், கேமரா கோணம் காட்டுகிறேன் என்று பின்னால் நடந்து கருவேல முள்ளில் உட்கார்ந்தேன். அப்போது நான் போட்ட சத்தத்தை ஒலிப்பதிவாளர் பத்திரமாக வைத்திருக்கிறார். பேய்ப்படம் எடுக்கும் நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறாராம்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கேள்வி கேட்பவனின் குரலைப் படத்தில் வெட்டிவிடுவோம். அதனால் பேசுபவரிடம், கேள்வியையும் பதிலோடு சேர்த்துச் சொல்லுங்கள் என்போம். "என்ன விதைச்சீங்க?" என்றால் "பருத்தி" என்று சொன்னால் போதாது, "நாங்க விதைச்சது பருத்தி" என்று சொல்ல வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் "அன்னிக்கு நீங்க பாத்த பேய் எப்படி இருந்துச்சு?" என்று நீங்கள் கேட்டால், எதிரே இருப்பவர் மரியாதைக்காக, "அன்னிக்கு நான் பாத்த பேய்..." என்றுதான் ஆரம்பித்தாக வேண்டும். அவர் பேயைப் பார்த்தாரா இல்லையா என்பது அங்கேயே தீர்ந்துபோகிறது. ஒரு வாரத்தில் அந்த ஊரில் பதினோரு பேரைப் பேய் பார்க்க வைத்தேன். இத்தனை வருடங்களில் அந்தப் பேயால்கூட அது முடியவில்லை.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர் முத்துலட்சுமி. அறுபதை நெருங்கும், விவசாயம் செய்யும் சம்சாரிப் பெண். அந்தக் காட்சி எடுத்தபோது பதினாலு வயது. வீட்டு முற்றத்தில் பருத்திக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். முதலில் ஏதோ வீட்டுக் கதையை ஆரம்பித்தார். நான் லாவகமாகப் பேய்ப் பக்கம் திருப்பினேன். "அன்னிக்கு நான் பாத்த பேய் வெள்ளைச் சேலை கட்டியிருந்துச்சு" என்று குரல் நடுங்கச் சொன்னார் பாருங்கள், எங்களுக்கெல்லாம் உடம்பு சிலிர்த்துவிட்டது. சேனல்காரர் அதையே வைத்து ஒரு நிமிட முன்னோட்டம் வெட்டி வெளியிட்டுவிட்டார். மேலும் தகவல் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ள என்று கீழே என் நம்பர்.

போன் ஓயவில்லை. அந்தப் பேய் நான்தான் என்று ஒரே வாரத்தில் ஏழு பேர். மல்லாங்கிணற்றிலிருந்து ஒருவர் மீசையோடு படம் அனுப்பி, மீசை பின்னால் வளர்ந்தது என்று விளக்கமும் அனுப்பியிருந்தார். ஒரு பெண்ணுக்கு வயது முப்பது. படம் வந்தபோது அவர் அம்மாவுக்கே கல்யாணம் ஆகியிருக்காது.

எட்டாவதாக அருப்புக்கோட்டையிலிருந்து ஓர் அம்மாள்.

"அதுல நடந்து போறது நான்தான். ஆனா அது வெள்ளைச் சேலை இல்ல. மஞ்சச் சேலை."

"படத்துல வெள்ளையாத்தானம்மா இருக்கு."

"கறுப்பு வெள்ளப் படத்துல மஞ்சள் எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாது. நீங்க கேமராக்காரராச்சே, உங்களுக்குமா தெரியாது?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் இல்லாத இடத்தில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மதுரையில் எங்கள் எடிட்டிங் அறையில் இந்தக் கதையை நடித்துக் காட்டினேன். எடிட்டர் என்னைவிட இருபத்தைந்து வயது சின்னப் பெண். நான் சொல்லும் நகைச்சுவைக்கெல்லாம் சம்பளத்தில் சேர்த்தி என்று சிரித்து வைப்பார். அன்று சிரிக்கவில்லை. "மஞ்சச் சேலையா?" என்றார். "இருங்க சார். இத எங்கயோ கேட்டிருக்கேன்."

நான் படத்துக்கு வேண்டாமென்று ஒதுக்கிய பகுதிகளையும் ஒன்றுவிடாமல் கேட்கும் பழக்கம் அவருக்கு. நான் அதை வேலையில்லாத வேலை என்று கேலி செய்திருக்கிறேன். முத்துலட்சுமி பேட்டியின் தொடக்கத்தை ஓட்டினார். முதலில் முத்துலட்சுமியின் குரல்.

"கேமரா ஓடுதாண்ணே?"

அடுத்தது என் குரல். "ஓடுது ஓடுது. சொல்லுங்கம்மா, அந்தப் பேய்..."

"அது பேயில்லண்ணே. எங்க மதினி, அண்ணன் பொண்டாட்டி. மஞ்சச் சேலை கட்டிப் போனாக. நான்தான்..."

"அம்மா, அம்மா, ஒரு நிமிசம். படத்துல வெள்ளையால்ல இருக்கு? வெள்ளைன்னே சொல்லிருங்க. 'அன்னிக்கு நான் பாத்த பேய்'னு ஆரம்பிங்க."

எங்கோ ஓர் ஆடு கத்துகிறது.

"நான்தான் வேலிப் படலத் தெறந்து விட்டேன். பொழுது விடிய மதினி செத்துப் போனாகன்னு சொல்லிட்டாக."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்மா. எங்க, சொல்லுங்க. அன்னிக்கு நான் பாத்த பேய்..."

"அன்னிக்கு நான் பாத்த பேய்," என்றது அந்தக் குரல், "வெள்ளைச் சேலை கட்டியிருந்துச்சு."

"அருமை!" என்றது என் குரல்.

எடிட்டர் அந்த "அருமை"யை இன்னொரு தரம் ஓட்டினார். வேண்டுமென்றே ஓட்டினாரா, கை தவறியா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"சார்," என்றார். "இத்தன வருசமா யார்கிட்டயும் சொல்லாதத உங்ககிட்டச் சொல்ல வந்திருக்காங்க. நீங்க ரீடேக் கேட்டிருக்கீங்க."

முள்ளில் உட்கார்ந்தபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. ஆனால் நான் திருந்துவதற்கு எப்போதும் இரண்டு அடியாவது தேவைப்படும். மறுநாள் காலை கேமராப் பையோடு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறியவன், உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சேனல்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் குதித்தார்.

"சார், சார், அந்தம்மா நெசமாவே அந்த மதினியா இருந்தா, ரெண்டு பேரையும் அதே கண்மாய்க்குள்ள சந்திக்க வைங்க. முத்துலட்சுமிகிட்ட மூச்சு விட்றாதீங்க. செத்துப்போனவங்க திடீர்னு எதுக்க வந்து நிக்கணும். வெள்ளிக்கிழம மூணு கேமரா அனுப்புறேன். இது மட்டும் இல்லன்னா இந்தப் படத்த வெளியிடுறதப் பத்தி நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

நான் சரி என்றேன். உங்களிடம் மறைப்பானேன்? வாயில் எச்சில் ஊறியது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்றுகூடப் பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டேன்.

அந்த அம்மாளின் பெயர் சுந்தரவல்லி. விசைத்தறிகள் ஓடும் ஒரு தெருவில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருந்தார். நான் போனபோது வாயில் நான்கு குண்டூசி.

"நெட்வொர்க் கெடச்சுருச்சா?" என்றார், குண்டூசிகளை எடுக்காமலே.

மன்னிப்புக் கேட்டேன். தைத்துக்கொண்டே அவர் சொன்னது இவ்வளவுதான். இருபது வயதில் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு, ஒன்றரை வருடத்தில் கணவன் பம்புசெட்டில் கரண்ட் அடித்துச் செத்துப்போனார். அதன்பிறகு வெள்ளைச் சேலை, வீட்டு வேலை, வாசற்படி தாண்டக் கூடாது. ராஜபாளையத்தில் இருந்த அக்காவிடம் போய்விடுவதென்று தீர்மானித்தார். கண்மாயைக் குறுக்கே கடந்தால் ரோடு. பொழுது சாய ஒரு பஸ், அதை விட்டால் மறுநாள்தான்.

"பாதிக் கண்மாய் தாண்டையில யாரோ தொப்பிய ஆட்டிக்கிட்டு நில்லு நில்லுன்னு கத்துறான். எங்க மாமனாரு அனுப்புன ஆளுன்னு நெனச்சேன். திரும்புனா மொகம் தெரிஞ்சு போகும். ஈரக்கொலையெல்லாம் ஆடுது, வெரசா நடக்கேன். பெறகு படம் வந்து ஊரே அலறுச்சு. நானும் எங்கக்காவும் போய்ப் பாத்தோம். ஏங்க, அந்தக் காட்சியில பயந்தது நான் ஒருத்திதான்!"

ஊசிகளோடு சிரிப்பவரை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"சேலை மஞ்சள்னு இன்னொருத்தரும் சொல்லியிருக்காங்கம்மா," என்றேன். "முத்துலட்சுமின்னு..."

மிஷின் நின்றது. "முத்துவா? எங்க நாத்தனா முத்துவா?" குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார். "அந்தச் சேலைய அடுக்குப் பானைக்குள்ளருந்து எடுத்துக் குடுத்ததே அவதான். வெள்ளையில போனா தூரத்துலயே யாருன்னு தெரிஞ்சிரும், மஞ்சள்ல போங்க மதினின்னு சொன்னா. பதினாலு வயசுல எம்புட்டு மூள பாருங்க. எப்படியிருக்கா?"

"நல்லா இருக்காங்க. ஆனா..." இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், இருப்பதிலேயே மோசமான விதத்தில் சொன்னேன். "நீங்க அன்னிக்கே செத்துப் போயிட்டதா நெனச்சுக்கிட்டு இருக்காங்கம்மா."

மருமகள் ஓடிப்போனாள் என்பதைவிடச் செத்தாள் என்பது அந்த மாமனாருக்குக் கௌரவமாக இருந்திருக்கிறது. ஏதோ தூரத்துக் கிணற்றில் விழுந்துவிட்டாள், அங்கேயே எரித்தாகிவிட்டது என்று ஊருக்குச் சொல்லி, காரியமும் செய்துவிட்டார். சுந்தரவல்லி இரண்டு கடுதாசி போட்டிருக்கிறார். அந்த வீட்டுக்கு வந்த கடுதாசிகளை யார் படித்திருப்பார்கள்? பதில் வராததால், அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்க வேண்டாமென்று இவரும் விட்டுவிட்டார். வேறு கல்யாணம், பிள்ளைகள், பிறகு அருப்புக்கோட்டையில் கடை என்று காலம் ஓடிவிட்டது.

"படலத் தெறந்து விட்டு என்னையச் சாகடிச்சிட்டோம்னா நெனச்சுக்கிட்டு இருக்கா?" கையை நீட்டினார். "நம்பரக் குடுங்க."

"வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்கம்மா. நேராவே கூட்டிட்டுப் போறேன். கேமராவெல்லாம் வருது. நல்ல முறையில..."

"என்னது வருது?"

"கேமரா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம். மேசை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, ஒன்றையும் வெட்டாமல் அதே இடத்தில் வைத்தார். "உங்க கிட்டத்தான் நம்பரு இருக்கு," என்றார். "நீங்கதான் சொல்லணும்."

ஒரு நிமிடம் என்று சொல்லி வெளியே வந்து எடிட்டருக்குப் போன் போட்டேன். எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை கிடைக்குமென்று. மூன்று கேமரா, என் கடைசிப் படம், சேனல்காரர் மிரட்டல், மூன்றே நாள்தானே என்று எல்லாவற்றையும் அடுக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"முத்துலட்சுமியம்மா தெனமும் சாயங்காலம் அந்தக் கண்மாய் வழியாத்தான சார் மாடு ஓட்டிட்டு வருவாங்க?"

தம்பி தங்கைகளே, எனக்கு அறிவு சொன்னவர்கள் பலர். எல்லாரும் மணிக்கணக்கில் சொன்னார்கள். அந்தப் பெண் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். இன்று சாயங்காலமும், நாளையும், மறுநாளும் அந்த அம்மாள் அந்தக் கண்மாயைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். எதற்கு? நான் சரியான வெளிச்சத்தில் கேமரா வைப்பதற்கு. அந்த எடிட்டருக்கு நான் பட்டிருக்கும் கடனை என் ஆயுளில் தீர்க்க முடியாது. இப்போதெல்லாம் அவர் சிரிக்காத இடத்தில் நானும் சிரிப்பதில்லை.

உள்ளே போய் நம்பரைக் கொடுத்தேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் உபதேசம் மாதிரி ஆகிவிடும். சேனல்காரர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு, வேறு வழியில்லாமல், இருந்ததை வைத்து வெளியிட்டார். அந்தப் பேட்டியை முத்துலட்சுமியின் சம்மதத்தோடு முழுவதுமாக, என் குரலை வெட்டாமல், அப்படியே படத்தில் வைத்தோம். "வெள்ளைன்னே சொல்லிருங்க" என்று நான் கெஞ்சுவதும், "அருமை!" என்று பூரிப்பதும் எல்லா ஊரிலும் கேட்கிறது. கூட்டம் சிரிக்கிறது. முதல் காட்சியில் நான் இருட்டில் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் உட்கார்ந்திருந்தேன். இப்போது நானும் சேர்ந்து சிரிக்கிறேன். நாற்பது வருடம் என் குரலை வெட்டி வெட்டி எறிந்த நான், என் படங்களில் உருப்படியாக ஒரு பாத்திரம் ஏற்றது அந்த ஒன்றில்தான். பேசுபவர் முதலில் சொல்வதை முடிக்க விடுங்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

ஆனால் அன்று அந்தக் கடையில் நடந்தது படத்தில் இல்லை. கேமராப் பையின் ஜிப்பைக்கூட நான் திறக்கவில்லை. என் கையை நம்ப முடியாமல் அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். இரண்டு கையும் தையலில் இருப்பதால் சுந்தரவல்லி எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாராம். அன்று தையல் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் போனை மேசை மேல் வைத்தார்.

"அலோ, யாரு?"

"முத்து, நான் மதினி பேசுறேன்."

"எந்த மதினி? தறிச் சத்தமால்ல கேக்கு. ராங் நம்பருங்க."

"வச்சிராத புள்ள. மஞ்சச் சேலை குடுத்து அனுப்புனியே, அந்த மதினி."

தெருவில் அத்தனை தறிகளும் அடித்துக்கொண்டிருந்தன. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சுந்தரவல்லி போனைப் பார்க்கவில்லை. கிடைத்த துணியை, யாரோ தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணியை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பதினாலு வயதுப் பிள்ளையின் குரல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"பஸ்ஸு கெடச்சுச்சா மதினி?"

"கெடச்சுச்சு புள்ள," என்றார் சுந்தரவல்லி. "உக்கார எடமும் கெடச்சுச்சு."